அட்டைப்பெட்டி இருவாச்சி

மணிமேகலை கொடைக்கானலில் அந்த நர்சரிப் பள்ளிக்கு வேலைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. யூகேஜி வகுப்பு அவளுடையது. வில்பட்டியில் ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தால் எட்டேகாலுக்குப் பள்ளி வாசலில் இருப்பாள். போர்டில் அவள் எழுதினால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அவள் வகுப்பைத் தாண்டிப் போகிற எந்தப் பிள்ளையும் தன் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் கோட்டை விட்டு வெளியே போகாமல் எழுதிவிடும். "மேகலை மிஸ்கிட்ட ஒரு வருஷம் இருந்தா போதும், பிள்ளை தேறிரும்" என்று பஜாரில் கடை வைத்திருப்பவர்கள்கூடச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் கேட்காத நாட்களில் அது அவளுக்குக் குறையாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட மேகலை மிஸ்ஸின் ஒரே மகள், பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் வாய் திறக்க மாட்டாள்.

சௌம்யாவுக்கு நாலரை வயது. வீட்டில் அவள் வாய் ஓயாது. அப்பா செந்தில்வேல் கேரட் காட்டில் தண்ணீர் பாய்ச்சினால் அவர் பின்னாலேயே நடந்து பேசுவாள். பேச ஆள் இல்லாவிட்டால் கோழியோடு பேசுவாள். பள்ளியின் இரும்புக் கேட்டைத் தாண்டியதும் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் முழுக்க ப்ரீகேஜியில் ஒரு சொல் பேசவில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டாள். வாரத்துக்கு இரண்டு நாளாவது பாவாடை நனைந்துவிடும். லீலா ஆயா வந்து யூகேஜி வாசலில் நின்று கண்ணைக் காட்டுவாள். மணிமேகலை எழுந்து போய் மாற்றிவிட்டு வருவாள்.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். "பேச்சுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. வெளியிடத்துல பயம். பேசு பேசுன்னு மட்டும் நெருக்காதீங்க. தானா வரும்" என்றார் அவர்.

மணிமேகலைக்கு அது காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. ஒவ்வொரு இன்டர்வெலுக்கும் மகள் வகுப்பு வாசலில் போய் நிற்பாள். "பாப்பா, மிஸ்ஸுக்குக் குட்மார்னிங் சொல்லு. ஒரே ஒரு தடவை. அம்மாவுக்காகச் சொல்லு." சௌம்யா ஸ்வெட்டர் பித்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். மற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வந்த தாய்மார்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "மிஸ் பிள்ளையே பேசாதா?" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டதும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

இந்த ஜூனில் எல்கேஜிக்குப் புது மிஸ் வந்தாள். பெயர் மஹ்ஜபின். பஜாரில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்கும் முகைதீன் பாயின் மகள். மதுரையில் படித்துவிட்டு வந்திருந்தாள். இருபத்தாறு வயது. முதல் நாளே இரண்டு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினாள். ஒன்றில் கடையில் மிஞ்சிய கம்பளி நூல், இன்னொன்றில் மடித்த அட்டைப்பெட்டிகள்.

"என்னம்மா இது, வீடு மாத்துறியா?" என்று மணிமேகலை சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"காடு கொண்டுவந்திருக்கேன் அக்கா" என்றாள் மஹ்ஜபின். "நம்ம சார்ட்ல பாருங்க, சிங்கம் இருக்கு, ஒட்டகச்சிவிங்கி இருக்கு. இந்தப் பிள்ளைக வீட்டு வாசல்ல காட்டுமாடு வந்து நிக்குது. மலை அணில் மரத்துக்கு மரம் தாவுது. அதோட பேரு ஒண்ணும் இதுகளுக்குத் தெரியாது. இந்த வருஷம் எல்கேஜி மழைக்காட்டுக்குள்ள போகப்போகுது."

மணிமேகலை உள்ளுக்குள் சிரித்தாள். மூன்று மாசம் தாங்காது, பிறகு எல்லாரையும் போல ஏ ஃபார் ஆப்பிளுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தாள்.

அப்படி நடக்கவில்லை. ஜூலைக்குள் எல்கேஜி அறையின் சுவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பழுப்பு அட்டையை வெட்டி மரங்கள் நிறுத்தினாள். அரக்கு நிறக் கம்பளியை உருட்டி நீள வால் வைத்து மலை அணில்கள். கறுப்புத் துணிக் குரங்கின் முகத்தைச் சுற்றிப் பஞ்சை ஒட்டினாள், அது சிங்கவால் குரங்கு. காட்டுமாடு செய்த அன்று பிள்ளைகள் எல்லாம் வீட்டிலிருந்து பழைய வெள்ளை சாக்ஸ் கொண்டுவந்தன. அதன் கால் முட்டிக்குக் கீழே வெள்ளையாக இருக்கும் என்பதற்காக அட்டை மாட்டின் நாலு காலுக்கும் சாக்ஸ் மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு கதை உண்டு. மஹ்ஜபின் கதை சொல்ல ஆரம்பித்தால் குரல் பக்கத்து அறைக்கு வரும். பக்கத்து அறை யூகேஜி.

"தேவாங்கு ஏன் மெதுவா நடக்குது தெரியுமா?" என்று அந்தக் குரல் கேட்கும். மணிமேகலையின் முப்பது பிள்ளைகளும் பென்சிலை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கும்.

"இங்க பாருங்க! என்னையப் பாருங்க!" என்று அவள் ஸ்கேலால் மேசையைத் தட்டுவாள். பார்க்கும். ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

அவளுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவள் தயாராக இல்லை. பள்ளியின் தாளாளர் விசாலாட்சி மேடம், சேர்க்கைக்கு வரும் பெற்றோரை முதலில் யூகேஜிக்குத்தான் கூட்டிவருவார். "இவங்க மேகலை மிஸ், எங்க சொத்து" என்பார். ஆகஸ்டில் ஒருநாள் யாரோ ஒரு குடும்பத்தை நேராக எல்கேஜிக்குள் கூட்டிப்போய் அரைமணி நேரம் சிரித்துப் பேசிவிட்டு, யூகேஜி வாசலைக் கடக்கும்போது, "இது அடுத்த வகுப்பு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அன்று மதியம் மணிமேகலைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அவளும் பேப்பர் தட்டில் ஒரு குரங்கு செய்தாள். ராத்திரிச் சமையலைக்கூட செந்தில்வேலிடம் விட்டுவிட்டுச் செய்தாள். திங்கள் கிழமை வகுப்பில் தூக்கிக் காட்டினாள்.

"மிஸ், இது பன்னியா?" என்று கேட்டது முன்வரிசை.

"குரங்குடா. கருமந்தி."

"மஹ்ஜபின் மிஸ் குரங்கு இப்படி இருக்காது மிஸ்."

அதை அவள் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள். அதற்கப்புறம் ஸ்டாஃப் ரூமில் மஹ்ஜபின் "டீ குடிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டால், "இப்பத்தான் குடிச்சேன்" என்று குடிக்காமலே சொல்லப் பழகினாள்.

செப்டம்பர் மூன்றாவது வாரம். பனி கண்ணாடி ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். லீலா ஆயா துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"மிஸ்! மிஸ்! பாப்பா பேசிருச்சு!"

"எந்தப் பாப்பா?"

"உங்க பாப்பா மிஸ்! சௌம்யா!"

மணிமேகலை சாக்பீஸைப் போட்டுவிட்டு எழுந்தாள். போகிற போக்கிலேயே ஆயா சொன்னாள். மஹ்ஜபின் மிஸ் நான்கு நாளாக இருவாச்சிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாளாம். வால்பாறைப் பக்கத்துக் காட்டில் இருக்கும் பெரிய பறவை. பெட்டைப் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணும் எச்சமும் வைத்துத் தானே பூசிக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விட்டிருக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். குஞ்சு பெரிசாகும் வரைக்கும் தாய்ப்பறவை வெளியே வராது. இதற்காக ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் கீறல் போட்டு, மஞ்சள் அட்டையில் அலகு செய்து, ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே உட்கார வைத்திருக்கிறாள். சௌம்யாவின் முறை வந்தது. உள்ளே போனாள். அலகை நீட்டினாள். கூடப் படிக்கும் ஹபீப் அத்திப்பழம் என்று சொல்லி ஒரு சிவப்பு மணியைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"கொடுத்தானா... உள்ள இருந்து சத்தம் வருது மிஸ். 'மிஸ், ஒன்னுக்கு வருது'ன்னு! எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு!"

மணிமேகலை எல்கேஜி வாசலுக்கு வந்தபோது சௌம்யா பாத்ரூம் போய்விட்டுத் திரும்பிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். மஹ்ஜபின் தரையில் சம்மணம் போட்டு, ஏதும் நடக்காத மாதிரி, "இருவாச்சியம்மா, மழை பெய்யிதா உள்ள?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்ல மிஸ். சூடா இருக்கு" என்றது அலகு.

தன் மகளின் குரல்தான். கோழியோடு பேசும் அதே குரல். மணிமேகலை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள். "பாப்பா!"

கீறலுக்குள் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது. அலகு மெல்ல உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு அன்று முழுக்கப் பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை.

அன்று சாயங்காலம் செந்தில்வேல் செய்தி கேட்டுக் குதிக்காத குறை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டைச் சுற்றி வந்தார். "அந்த மிஸ்ஸுக்கு ஏதாச்சும் கொடுத்து விடணும் மேகலை" என்று சொல்லி, புதிதாகப் பிடுங்கிய கேரட்டும் இரண்டு கொத்து மலைப்பூண்டும் பையில் கட்டிவைத்தார்.

மணிமேகலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை வாரினாள். "கண்ணு, அந்த மூக்க வச்சு அம்மாகிட்டயும் ஸ்கூல்ல பேசுவியா?"

"அது மூக்கு இல்லம்மா. அலகு."

"சரி, அலகு. அம்மாவும் ஒரு பெட்டி செஞ்சு தரட்டா? இத விடப் பெருசா?"

சௌம்யா யோசித்தாள். "வேணாம். அது மிஸ் பெட்டிலதான் வரும்."

சீப்பு ஒரு சிக்கில் மாட்டிக்கொண்டது. மணிமேகலை கொஞ்சம் வேகமாகவே இழுத்தாள். பிள்ளை "ஆ" என்றது.

பத்து மாசம் சுமந்தது நான், இரண்டு வருஷமாக நனைந்த பாவாடை மாற்றியது நான், டாக்டரிடம் அலைந்தது நான், நேற்று வந்தவளிடம் நாலு நாளில் பேச்சு வந்துவிட்டதா என்று மனது ஓயாமல் கேட்டது. சந்தோஷப்பட வேண்டிய நாள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அது தெரிந்ததே கூடுதல் வலியாக இருந்தது. மறுநாள் கேரட் பையைப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். மஹ்ஜபின் மேசைக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பின்கட்டுக்குப் போய், "இந்தா ஆயா, வீட்டுக்குக் கொண்டுபோ" என்று லீலாவிடம் கொடுத்துவிட்டாள். வீட்டில் செந்தில்வேல் கேட்டதற்கு, "கொடுத்துட்டேன், ரொம்ப சந்தோஷப்பட்டுச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் கூட்டம். சௌம்யா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் ஜெயப்பிரியா வந்து உட்கார்ந்தாள். அவள் மகனும் எல்கேஜிதான். உட்கார்ந்ததிலிருந்து ஒரே புகழ்ச்சி.

"மஹ்ஜபின் மிஸ் வந்ததுல இருந்து எம்பையன் வெள்ளனே எந்திரிச்சு அவனே ஷூ மாட்டிக்கிறான் மிஸ். உங்க பாப்பாவே பேசிருச்சாமே! நீங்க எம்புட்டோ பாடுபட்டும் முடியலன்னு சொன்னாங்க. அதுக்கெல்லாம் ஒரு கைராசி வேணும், இல்ல மிஸ்?"

மணிமேகலை ஜன்னல் பக்கம் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். வில்பட்டி வர இன்னும் இரண்டு வளைவுதான் இருந்தது.

"பேசுறது சரிதான்" என்றாள். "ஆனா பிள்ளைகளப் பெட்டிக்குள்ள போட்டு உக்கார வைக்கிது. அரை மணி நேரம். உள்ள காத்து வேணாமா? எம்பிள்ளையே சூடா இருக்கு சூடா இருக்குன்னு உள்ள இருந்து சொல்லுது. நான் என் காதால கேட்டேன்."

ஜெயப்பிரியாவின் முகம் மாறியது. "அடைச்சா வைக்கிறாங்க?"

மணிமேகலை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "என்னத்தச் சொல்ல" என்று பெருமூச்சு விட்டாள். அவளுக்குத் தெரியும், பெட்டியின் பின்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும் என்று. ஒரு பிள்ளை பத்து நிமிஷம்கூட உள்ளே இருக்காது என்றும் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. பல நாளாகக் கிடைக்காத ஒரு நிம்மதி. அதை நினைத்துப் பிற்பாடு அவள் கூசியிருக்கிறாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் அந்தச் செய்திக்குக் கை கால் முளைத்துவிட்டது. அரை மணி ஒரு மணியாயிற்று. சூடு என்பது மூச்சுத்திணறல் ஆயிற்று. ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததாகவும் யாரோ எழுதினார்கள். திங்கள் காலையில் ஏழெட்டுப் பேர் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

விசாலாட்சி மேடம் சத்தத்தைக் கேட்டுப் பயந்துவிட்டார். பள்ளிக்குப் பெயர் கெட்டால் அடுத்த வருஷச் சேர்க்கை என்னாவது என்பதுதான் அவருக்குக் கவலை. பெட்டிகளை எல்லாம் அன்றே அப்புறப்படுத்தச் சொன்னார். மஹ்ஜபினைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் அரையாண்டோடு வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விளக்கம் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். லீலா ஆயா பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிப் பின்பக்கம் கொண்டுபோனாள்.

மதிய இடைவேளையில் மஹ்ஜபின் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. நேரே மணிமேகலையிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, யாரு கெளப்பி விட்டாங்கன்னு தெரியல. அது கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. நீங்க பதினாலு வருஷமா இருக்கீங்க. சௌம்யாவோட அம்மா வேற. நீங்க சொன்னா நம்புவாங்க."

யார் என்று தெரியாமல்தான் கேட்கிறாள். மணிமேகலை டிபன் பாக்ஸ் மூடியை இறுக்கிப் பூட்டினாள்.

"மேடம் முடிவு பண்ணதும்மா. நடுவுல நான் எப்படிப் பேசுறது?"

"சரிங்க அக்கா" என்று மஹ்ஜபின் எழுந்து போனாள்.

புதன்கிழமை லீலா ஆயா யூகேஜி வாசலில் வந்து நின்று கண்ணைக் காட்டினாள். ஒரு வாரமாக இல்லாத காட்சி. மணிமேகலை போனாள். சௌம்யா வகுப்பின் மூலையில், பெட்டி இருந்த இடத்தில், நனைந்த பாவாடையோடு நின்றுகொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. மஹ்ஜபின் அவற்றை அடக்கிக்கொண்டிருந்தாள். மணிமேகலை மகளைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கழுவி உடை மாற்றினாள். பிள்ளை அழவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து, ஸ்வெட்டர் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸிலும் பேச்சில்லை. வில்பட்டியில் இறங்கி வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் நடக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"அம்மா, இருவாச்சி உள்ள இருக்கப்ப யாராச்சும் மரத்த வெட்டிட்டா அது எங்கம்மா போகும்?"

"வேற மரத்துக்குப் போகும் கண்ணு."

"போக முடியாதும்மா. உள்ள இருக்கப்ப அதுக்கு இறகு உதிர்ந்திருக்கும். பறக்க முடியாதுன்னு மிஸ் சொன்னாங்க."

ஏற்றம் முடிகிற இடத்தில் மணிமேகலை மூச்சு வாங்குவதுபோல நின்றாள். பிள்ளை அம்மா முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையை விட்டு முன்னால் ஓடிப்போனாள்.

வெள்ளிக்கிழமை ஹாலில் நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மஹ்ஜபின் முன்னால் எழுந்து நின்று, பெட்டிக்குப் பின்பக்கம் கிடையாது, யாரையும் அடைக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, "எங்களுக்கு எப்படித் தெரியும்?", "பாத்தவங்க சொன்னாங்களே" என்று குரல்கள் எழுந்தன. ஓரமாக நின்றிருந்த அவள் வாப்பா முகைதீன் பாய் தொப்பியைக் கையில் எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

"பாத்தவங்கன்னா யாரு?" என்று மஹ்ஜபின் கேட்டாள்.

ஜெயப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மணிமேகலையைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தால்கூட மறுத்துவிடலாம் என்று காலையில் பஸ்ஸில் வரும்போது மணிமேகலை நினைத்திருந்தாள். இப்போது கால் தானாக எழுந்து நின்றுவிட்டது.

"நான்தான் சொன்னது" என்றாள்.

விசாலாட்சி மேடம், "என்ன மேகலை?" என்றார்.

"அரை மணி நேரம்னு பஸ்ஸுல சொன்னது நான்தாங்க. பத்து நிமிஷம்கூட இருக்காது. பெட்டி பின்னால தெறந்துதான் இருக்கும். ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. மயக்கமெல்லாம் பொய். எம்பிள்ளை சூடா இருக்குன்னது, குளிருக்கு எதமா இருக்குன்னு சொன்னது. எல்லாம் தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்."

"ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க?" பின்வரிசையில் ஒரு அப்பா கேட்டார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

ஏதாவது நல்ல காரணமாகச் சொல்லலாம். பிள்ளைகள் மேல் அக்கறை, பயம், என்னென்னவோ நாக்கு நுனிவரை வந்தது.

"பொறாமைங்க" என்றாள். "ரெண்டு வருஷமா நான் கேட்டும் பேசாத பிள்ளை அதுகிட்டப் பேசிருச்சு. என்னால தாங்க முடியல."

யாரோ ஒருத்தி சிரித்தாள். வேறு ஒருத்தி "ச்சீ" என்றது தெளிவாகக் கேட்டது. மணிமேகலை உட்காரவில்லை. உட்கார வேண்டும் என்பது மறந்துபோய் நின்றுகொண்டே இருந்தாள், லீலா ஆயா வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகும்வரை.

அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வருஷ நடுவில் யூகேஜிக்கு ஆள் கிடைக்காது என்று மேடம் வெளிப்படையாகவே சொன்னார். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். ஒன்பது வருஷமாக அவள் கையில் இருந்த ஆண்டுவிழாப் பொறுப்பை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். 'எங்க சொத்து' என்பதை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. செந்தில்வேல் கேரட் பை உட்பட எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு நாள் அவளோடு பேசாமல் காட்டிலேயே கிடந்தார்.

திங்கள்கிழமை மணிமேகலை எல்கேஜி வாசலுக்குப் போய் நின்றாள். பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். மஹ்ஜபின் தரையில் உட்கார்ந்து உதிர்ந்த பஞ்சைக் குரங்குக்கு மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரும்மா."

மஹ்ஜபின் நிமிரவில்லை. "எங்க வாப்பா அந்த ஹால்ல நின்னாங்க பாருங்க, அத என்னால இப்ப மறக்க முடியாது மிஸ்." அக்கா போய் மிஸ் வந்திருந்தது. "மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் பாக்கலாம். எனக்குப் பெட்டி வேணும். பெரிய பெட்டியா வேணும். உங்க ஊர்ல யாராச்சும் புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்காங்களா?"

"விசாரிக்கிறேன்."

"இன்னொண்ணு." இப்போது நிமிர்ந்தாள். "நீங்க இந்த வாசலுக்கு வரக்கூடாது. இன்டர்வெல்லயும் வரக்கூடாது. உங்களப் பாத்தா அவ வாய மூடிக்கிறா. பேசணுமேன்னு பயம் வந்துருது அவளுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, நான் கவனிச்சுப் பாத்துத்தான் சொல்றேன்."

ஹாலில் கேட்ட சிரிப்பைவிட, "ச்சீ"யைவிட, இதுதான் ஆழமாக இறங்கியது. "நான் அவ அம்மா" என்று சொல்ல வாய் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

வில்பட்டியில் சேனாதிபதி வீட்டில் தீபாவளிக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள். அந்தப் பெட்டிக்காக மணிமேகலை மூன்று வாரம் காத்திருந்து கேட்டு வாங்கினாள். ஏழரை மணி பஸ்ஸில் அதை ஏற்றுவதற்குக் கண்டக்டரோடு சண்டை போட வேண்டியிருந்தது. "ஆளுக்கு டிக்கெட்டா, வீட்டுக்கு டிக்கெட்டா?" என்று அவர் கத்தினார். பஸ்ஸில் ஜெயப்பிரியா இருந்தாள். சிரிக்காமல் எழுந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

புதுப் பெட்டி வந்த வாரமே அலகு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது. மணிமேகலை போய்ப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் கேட்கும்போது போர்டில் எழுதுகிற கை நிற்கும். முதலில் பாத்ரூமுக்கு, பிறகு தண்ணீருக்கு, பிறகு ஹபீப் பென்சிலை எடுத்துவிட்டான் என்று புகார் சொல்ல. ஒருநாள் அந்தக் குரல் முழுக் கதையையே சொன்னது. கேட்கக் கேட்க மகிழ்ச்சியும் எரிச்சலும் ஒன்றாக வரும். ஒன்றை விட்டு ஒன்றைத் தனியாகப் பிரிக்க அவளால் முடிந்ததே இல்லை. வாசல்வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்த நாட்களும் உண்டு.

ஜனவரியில் எல்கேஜியையும் யூகேஜியையும் சேர்த்து இரண்டு வேனில் ஒரு சோலைக்காட்டு ஓரத்துக்கு அழைத்துப்போனார்கள். உறைபனி விழுந்த காலை. வெயில் வந்த பிறகு கிளம்பினார்கள். மஹ்ஜபின் பிள்ளைகள் முன்னால், மணிமேகலையின் பிள்ளைகள் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக. மரங்களுக்கடியில் போனதும் இருட்டாகி, பாசி வாசனை வந்தது. மஹ்ஜபின் கையை உயர்த்தி எல்லாரையும் நிற்கச் சொன்னாள். ஒன்றும் தெரியவில்லை. எங்கோ உச்சியில் கிளை அசைந்தது.

"மிஸ்! மலை அணில்! மிஸ், அங்க, அங்க, வாலு தொங்குது பாருங்க!"

பெட்டி இல்லை, அலகு இல்லை. ஐம்பது பிள்ளைகளும் இரண்டு டிரைவர்களும் இருந்த இடத்தில் சௌம்யா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். மஹ்ஜபினின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "பாத்துட்டீங்களா மிஸ்? பாத்துட்டீங்களா?" என்று குதித்தாள். மஹ்ஜபின் குனிந்து அவள் காதோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

மணிமேகலை பின்னால் நின்றாள். இருபதடி தூரம். நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். மகள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தாள். திரும்பவில்லை. அந்தப் பழைய முள் அதே இடத்தில் குத்தியது. கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று, தன் பிள்ளைகளுக்கு விரலை நீட்டி மரத்தைக் காட்டினாள். "அங்க பாருங்க. அந்தக் கெளைக்கு மேல. தெரியிதா?"

சாயங்காலப் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. சௌம்யா மடியில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இன்னைக்கு என்னாச்சு தெரியுமா? நாங்க காட்டுக்குப் போனமா, அங்க ஒரு பெரிய மரம்..."

அம்மாவும் அங்கேதான் நின்றாள் என்பது பிள்ளைக்கு நினைவே இல்லை. நானும் பார்த்தேன் என்று சொல்ல நினைத்த மணிமேகலை, மகளின் ஸ்வெட்டர் பித்தானைப் போட்டுவிட்டு, "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டாள்.